கால் இன்ச்சில்தான் கணக்கு: வெட்டிவைத்த துணிப் பட்டிகளில் ஒட்டுப்போர்வை தைப்பது எப்படி

நாத்தனார் பிரான்சிலிருந்து வந்தால் பெட்டியில் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் இருக்கும் என்பது எங்கள் புதுச்சேரி முதலியார்பேட்டை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன முறை அதோடு ஒரு துணிச் சுருளும் வந்தது. நடுவில் ரிப்பன் கட்டி, பக்கவாட்டில் பார்த்தால் பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் ஜாம் ரோலேதான். "ஜாக்கெட் தைச்சுத் தைச்சு அலுத்துப்போச்சுன்னீங்களே அண்ணி, இதைத் தைச்சுப் பாருங்க" என்று கையில் கொடுத்தாள். அவிழ்த்தேன். நாற்பது பட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிசைன். அகலம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே: இரண்டரை இன்ச்.

ஜாம் ரோல் என்று நான் நினைத்தது தப்பில்லை. இந்தச் சுருளுக்கு அமெரிக்கத் துணி நிறுவனமான மோடா வைத்திருக்கும் பெயர் 'ஜெல்லி ரோல்'. அந்த ஊரில் ஜாம் தடவிச் சுருட்டிய கேக்குக்கு அதுதான் பெயர். மற்ற நிறுவனங்கள் வேறு பெயர்களில் விற்கின்றன, சமாச்சாரம் ஒன்றுதான். 44 இன்ச் பன்னாவுள்ள (பன்னா என்றால் துணியின் அகலம்) பருத்தித் துணியை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இரண்டரை இன்ச் அகலத்தில் நறுக்கிச் சுருட்டியது. இதே மாதிரி ஐந்து இன்ச் சதுரமாக வெட்டியது உண்டு, பத்து இன்ச் சதுரமாக வெட்டியதும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பட்டிதான் நல்லது என்பது என் கட்சி. சதுரங்களை நாலு மூலையும் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பட்டியில் நேர்த்தையல் போட்டுக்கொண்டே போகலாம்.

இதை வைத்துத் தைப்பது குவில்ட். பெயர்தான் நமக்குப் புதிது. பழைய நூல்புடவையை நாலாக மடித்து, சுற்றியும் குறுக்கேயும் ஓட்டுத்தையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகப் போடுவார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு அல்லது இன்னொரு துணி, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்துவைக்கும் தையல். மேல்துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளால் ஒட்டிச் செய்தால் அது ஒட்டுப்போர்வை.

வெட்டியே கொடுப்பதில் என்ன லாபம்? நாற்பது டிசைனிலும் அரை மீட்டர் வாங்கினால் இருபது மீட்டர் துணி ஆகிவிடும். சுருளில் இருப்பது எவ்வளவு? 40 பட்டி, ஒவ்வொன்றும் 2½ இன்ச், ஆக 100 இன்ச். கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் துணி, அவ்வளவுதான். அதற்குள் நாற்பது டிசைன் வந்துவிடுகிறது. ஒன்றோடொன்று சேரும் நிறங்களை ஒரே வரிசையாக அச்சடித்துச் சுருட்டுவதால் 'எதற்கு எது பொருந்தும்' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வெட்டும் வேலையும் மிச்சம்.

வெட்டும் வேலைதான் மிச்சம். தைக்கும்போது வைத்திருக்க வேண்டிய கவனம் இரண்டு மடங்காகிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தாறு கட்டம் வீணாக வேண்டியிருந்தது.

வெட்டளவு வேறு, தைத்த அளவு வேறு

ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கு உள்ளே துணி விட்டுத் தைப்பது பழக்கம். பக்கத்தில் ஒரு இன்ச் விடுவோம், பிற்பாடு பிரித்துக்கொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்சம்கூட விடுவோம். குவில்ட்டில் அந்தத் தாராளம் கிடையாது. எல்லாத் தையலும் ஓரத்திலிருந்து கால் இன்ச். பட்டிக்கு இரண்டு ஓரம், இரண்டு பக்கமும் கால் கால் போனால் அரை இன்ச் உள்ளே போகும். அதனால் 2½ இன்ச் பட்டி, இரண்டு பக்கமும் தைத்த பிறகு கண்ணுக்குத் தெரிவது 2 இன்ச்.

இரண்டு பட்டி சேர்த்தால் 4½, மூன்று சேர்த்தால் 6½, நாலு என்றால் 8½. பட்டிக்கு இரண்டு இன்ச் என்று கூட்டி, வெளியே இன்னும் தைக்காத இரண்டு ஓரத்துக்காக அரை இன்ச் சேர்த்துக்கொண்டால் சரியாக வரும். இந்தச் சுருளை வைத்துத் தைக்கும் டிசைன்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. இரண்டரை என்ற அளவும் இந்தக் கணக்குக்கு எவ்வளவு வசதி பாருங்கள்: தைத்த பிறகு பின்னம் இல்லாமல் முழு இரண்டாக நிற்கிறது. பிரான்சில் இருந்துகொண்டு நாத்தனார் சென்டிமீட்டருக்கு மாற்றித் திண்டாடுகிறாளாம். நம் டெய்லர்களுக்கு இன்ச் டேப் கழுத்திலேயே கிடப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கால் இன்ச் கொஞ்சம் முன்னே பின்னே போனால் என்ன? ஆசாரிகள் சொல்லும் நூல் கணக்கில் பார்ப்போம். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், கால் இன்ச் என்றால் இரண்டு நூல். நீங்கள் இரண்டு நூலில் தைக்காமல் இரண்டரை நூலில் தைத்தீர்கள் என்று வையுங்கள். அரை நூல் யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஒரு தையலில் இரண்டு பட்டியிலும் அரை அரை நூல் போகிறது, ஆக ஒரு நூல். எட்டுப் பட்டி சேர்த்தால் ஏழு தையல், ஏழு நூல். பதினாறரை இன்ச் வர வேண்டிய துணி பதினைந்து இன்ச் ஐந்து நூலில் நிற்கும். பக்கத்தில் வைத்துத் தைக்க வேண்டிய துண்டு பதினாறரையாகவே இருக்கும். இழுத்துப் பிடித்தும் சேராது, சுருக்கம் வைத்தால் அசிங்கமாக இருக்கும்.

என் கதை இதைவிட மோசம். மெஷின் பாதத்தின் ஓரத்தைத் துணி ஓரத்தோடு ஒட்டிப் பிடித்துத் தைத்தால் கால் இன்ச் வரும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அப்படியே தைத்தேன். மூன்று மூன்று பட்டியாகச் சேர்த்து, ஆறரை ஆறரையாகக் குறுக்கே வெட்டினேன். முப்பத்தாறு சதுரம் வந்ததாக நினைத்துக்கொண்டு தரையில் பரப்பினேன். ஒன்றை நிமிர்த்தி, அடுத்ததைப் படுக்க வைத்து அடுக்க வேண்டும். முதல் வரிசையிலேயே இடித்தது. நிமிர்ந்து நிற்பது உயரமாக இருக்கிறது, படுத்திருப்பது குட்டையாக இருக்கிறது. டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் ஆறரை, அகலம் ஆறு. என் மெஷினில் ஊசியிலிருந்து பாத ஓரம்வரை மூன்று நூல்! தையலுக்கு ஆறு நூல் வீதம் இரண்டு தையலில் ஒன்றரை இன்ச் போய்விட்டது. நான் வெட்டியது சதுரமே இல்லை.

பிரித்துத் தைக்கலாமே என்பீர்கள். முப்பத்தாறு கட்டத்தில் எழுபத்திரண்டு தையல். பிரிக்கவில்லை. ஆறரையை ஆறாக நறுக்கி எல்லாவற்றையும் சதுரமாக்கினேன். மிச்சத்தையும் அதே மூன்று நூலில் தைத்து முடித்தபோது, 36 இன்ச் வர வேண்டிய போர்வை 31½ இன்ச்சில் நின்றது.

ஆகையால் சுருளைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. ஏதாவது ஒரு பழைய பருத்தித் துணியில் 2½ இன்ச் அகலம், ஒரு சாண் நீளத்தில் மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றையும் சேர்த்துத் தையுங்கள். தையலை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். இப்போது நடுத்துண்டை மட்டும் அளந்து பாருங்கள். அதற்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் தையல் இருக்கிறது. சரியாக இரண்டு இன்ச் இருந்தால் உங்கள் கை தயார். குறைவாக இருந்தால் தையல் உள்ளே போயிருக்கிறது, கூடுதலாக இருந்தால் ஓரத்துக்கு வந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்கேல் வைத்து அச்சாகக் கால் இன்ச்சில் தைத்தாலும் நடுத்துண்டு இரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் வரும். துணி மடங்கும் இடத்தில் அதன் கனமும் நூலின் கனமும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுகின்றன. அதனால் கால் இன்ச்சுக்கு ஒரு இழை குறைவாக, ஓரத்தின் பக்கம் தள்ளித் தைப்பதுதான் சரி. என் மெஷினில் ஊசிக்கு நேரே ஸ்கேலை வைத்து, அந்த இடத்தில் தகட்டின் மேல் நாலு அடுக்கு டேப் ஒட்டி ஒரு சின்ன வரப்பு கட்டிவிட்டேன். துணி ஓரம் அந்த வரப்பை உரசிக்கொண்டே போகும். மூன்றாவது சோதனையில் நடுத்துண்டு இரண்டில் வந்து உட்கார்ந்தது.

இன்னொன்று. சில சுருள்களில் பட்டி ஓரம் நூல் பிரியாமல் இருக்க ஜிக்ஜாக்காக, பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். இரண்டரை என்பது பல்லின் நுனியிலிருந்து நுனியா, பள்ளத்திலிருந்து பள்ளமா? நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நீங்களே அளந்துகொள்ள வேண்டும். நுனிக்கு நுனி இரண்டரை இருந்தால் நுனியை வரப்பில் வைத்துத் தையுங்கள்.

மாமா இழுத்துப் பார்த்தது

எங்கள் மாமனார் இங்கே ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லில் தறிப் பக்கம் வேலை பார்த்தவர். 1898-ல் தொடங்கிய மில், 2020-ல் மூடினார்கள். இன்றைக்கும் எந்தத் துணியைக் கண்டாலும் முதலில் விரலால் தடவுவார், அப்புறம் இழுப்பார், அதற்குப் பிறகுதான் பேச்சு. என் பட்டிகளில் ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். லேசாக நீண்டது. அகலவாக்கில் இழுத்தார். அசையவில்லை.

"ஏம்மா, இது ஊடைப் பக்கமா நறுக்கினதில்ல? இழுத்து வச்சுத் தைச்சா வளைஞ்சுக்கும் பாத்துக்க" என்றார்.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போய்வருவது ஊடை. பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள், அதனால் அந்தப் பக்கம் துணி கொடுக்காது. ஊடைப் பக்கம் கொஞ்சம் கொடுக்கும். சுருளில் வரும் பட்டிகளைக் கரைக்குக் கரை வெட்டுவதால் அதன் நீளம் முழுவதும் ஊடைப் பக்கம். 44 இன்ச் நீளப் பட்டியைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டு, இழுத்துப் பிடித்துத் தைத்தால் நீண்டுதான் போகும். மெஷினுக்கு முன்னால் பட்டி மடியில் தளர்வாகக் கிடக்கட்டும். கையின் வேலை வழிகாட்டுவது மட்டும்தான், இழுக்கிற வேலையை அடியில் இருக்கும் பல் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பல்லிலும் ஒரு சங்கதி உண்டு. அடித்துணியைப் பல் முன்னே தள்ளுகிறது, மேல்துணியைப் பாதம் அழுத்திக்கொண்டு கொஞ்சம் பின்னுக்குப் பிடிக்கிறது. ஒரு தையலில் இது தெரியாது. எட்டுப் பத்துப் பட்டிகளை எப்போதும் ஒரே முனையிலிருந்து தொடங்கித் தைத்துக்கொண்டே போனால் முழுத் துணியும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். இதற்கு வைத்தியம் எளிது. முதல் தையலை மேலிருந்து கீழே போட்டால், அடுத்த தையலைக் கீழிருந்து மேலே போடுங்கள். ஒரு தையல் இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அடுத்தது இழுத்துச் சரிக்கட்டிவிடும்.

இஸ்திரியும் அப்படித்தான். துணி தேய்ப்பது என்றுதான் நாம் சொல்கிறோம், ஆனால் இங்கே தேய்க்கவே கூடாது. பெட்டியைத் துணிமேல் முன்னும் பின்னும் ஓட்டினால் பட்டி நீண்டு கோணலாகிவிடும். பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முதலில் தைத்தது தைத்தபடியே, இரண்டு பட்டியும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்போதே ஒரு அழுத்து. நூல் துணிக்குள் பதிந்துகொள்ளும். அப்புறம் மேல்பட்டியைத் திறந்து, தையல் ஓரத்தை அடர் நிறத்தின் பக்கம் சாய்த்து இன்னொரு அழுத்து. வெளிர் நிறத்தின் பக்கம் சாய்த்தால் அடியில் இருக்கும் அடர் நிறம் கோடாக வெளியே தெரியும்.

சுருளைப் பிரித்ததும் துவைத்துவிடலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். வேண்டாம். நாற்பது பட்டியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஓரமெல்லாம் நூல் பிரிந்து, பந்தாகத்தான் வெளியே வரும். வந்த பிறகு இரண்டரையும் இருக்காது.

முதல் வேலைக்கு மரவேலி டிசைன்

குழந்தை விரிப்பு அளவில் 36 இன்ச் சதுரம் போதும். மூன்று பட்டிக் கட்டங்களை ஒன்று நிமிர்த்தியும் ஒன்று படுக்கவைத்தும் அடுக்கும் டிசைன் இது. அமெரிக்கக் கிராமங்களில் மரக்கட்டைகளை வளைத்து வளைத்து அடுக்கும் வேலியின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். நான் கோட்டைவிட்டதும் இதில்தான். என்றாலும் இதையே சொல்கிறேன், காரணம் உண்டு. ஒரு கட்டத்தின் பட்டி நிமிர்ந்தும் பக்கத்துக் கட்டத்தின் பட்டி படுத்தும் இருப்பதால், உள்தையலும் உள்தையலும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டத்தின் மூலை சரியாகச் சேர்ந்தால் போதும்.

சுருளிலிருந்து அடர் நிறம் ஆறு, நடுத்தரம் ஆறு, வெளிர் ஆறு என்று பதினெட்டுப் பட்டி எடுங்கள். அடர், நடுத்தரம், வெளிர் என்ற வரிசையில் மூன்று மூன்றாகத் தைத்தால் ஆறு தொகுப்பு. ஒவ்வொன்றும் 6½ இன்ச் அகலம். தையலை நெருக்கமாக வையுங்கள், இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு. பிறகு குறுக்கே வெட்டும்போது தையலையும் சேர்த்துத்தான் வெட்டுகிறோம், தளர்வாகத் தைத்திருந்தால் வெட்டிய இடத்தில் வாய் பிளக்கும். முனையில் முடிச்சுத் தையல் தேவையில்லை, அடுத்து வரும் தையல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இஸ்திரி போட்ட தொகுப்பைத் தரையில் விரித்து, ஒரு முனையை மட்டப்பலகை வைத்து நேராக நறுக்குங்கள். தையல் கோட்டுக்கு நேர்ச்செங்குத்தாக வெட்டு விழ வேண்டும். அங்கிருந்து ஆறரை, ஆறரை என்று ஆறு முறை. மொத்தம் 39 இன்ச் ஆகும். கரையெல்லாம் போனாலும் பட்டியில் 42 இன்ச் தேறும் என்பதால் மூன்று இன்ச் கையில் நிற்கும். ஆறு தொகுப்பு, தொகுப்புக்கு ஆறு கட்டம், முப்பத்தாறு. என்னைப் போல முழுவதையும் வெட்டிவிட்டு அளக்காதீர்கள். முதல் தொகுப்பு தைத்ததுமே அகலத்தை மூன்று இடத்தில் அளந்து பார்த்துவிட்டு இரண்டாவதைத் தொடுங்கள். அகலம் ஆறு இன்ச் நாலு நூலுக்குப் பதில் ஆறு இன்ச் மூன்று நூல் வந்திருந்தால் குடி முழுகிவிடாது. கட்டங்களையும் ஆறு இன்ச் மூன்று நூலாக வெட்டிக்கொண்டால் சதுரம் சதுரம்தான். முடிவில் போர்வை முக்கால் இன்ச் குறையும், அவ்வளவே.

அடர் நிறம் நிமிர்ந்த கட்டத்தில் எப்போதும் இடதுபக்கம், படுத்த கட்டத்தில் எப்போதும் மேல்பக்கம் என்று வைத்து அடுக்குங்கள். ஆறு வரிசையும் விரித்து நாற்காலியில் ஏறி நின்று பார்த்தால், அடர் நிறம் மூலைவாட்டத்தில் படிக்கட்டு மாதிரி இறங்குவது தெரியும். அப்படி இறங்காமல் நடுவில் ஒரு படி உடைந்திருந்தால் அந்தக் கட்டம் தலைகீழாக இருக்கிறது. தைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நேரில் கண்ணுக்குத் தப்பியது படத்தில் மாட்டும்.

பட்டிகளை முதலில் நீளமாகத் தைத்துவிட்டு, குறுக்கே வெட்டி, திருப்பித் திருப்பிச் சேர்ப்பது இன்றைய கடைச் சுருளோடு வந்த யுக்தி இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையால் சுற்றும் தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு இதே முறையில்தான் தங்கள் உடைகளுக்குப் பட்டை பட்டையாகக் கோலம் தைத்தார்கள். கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் பீட்ஸா வெட்டும் சக்கரம் மாதிரி உருளும் கத்தியைக் கொண்டுவந்த பிறகு வீட்டிலேயே பட்டி வெட்டுவது சுலபமானது. அது இல்லையென்றாலும் நல்ல கத்தரியும் மார்க்கிங் சாக்கும் போதும். எனக்கு இன்றைக்கும் அவைதான்.

பட்டிக்குக் கப்பல் பார்க்க வேண்டாம்

நாத்தனார் இல்லாதவர்கள் என்ன செய்வது? நம் கடைத்துணியிலேயே வெட்டிக்கொள்ளலாம். 44 இன்ச் பன்னா பருத்தித் துணி அரை மீட்டரில் ஏழு பட்டி வரும், ஓரத்தை நேராக்க இரண்டு இன்ச் மீதியும் இருக்கும். 36 இன்ச் பன்னா வாங்கினால் தொகுப்புக்கு ஆறு கட்டம் தேறாது, ஐந்துதான். கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் பட்டிகளுக்குக் கட்டம் போட்ட கைலிதான் ராஜா. எங்களுக்குப் பக்கத்திலேயே, கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறார்கள். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்வதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, உள்பக்கம் வெளிப்பக்கம் குழப்பமே வராது. கட்டத்தின் கோடு என்பது ஒரு பாவு நூலோ ஊடை நூலோதான். அதன் மேலேயே கத்தரியை ஓட்டினால் வெட்டு கோணாது. மாமாவிடம் சொன்னபோது, "கோடு போட்டே குடுத்திருக்கான், அப்புறம் எதுக்கு ஸ்கேலு?" என்றார். நீளவாக்கில் வெட்டினால் பாவுப் பக்கம் அமையும், பட்டி நீளாது. அச்சுத்துணி என்றால் நுனியில் ஒரு சின்ன வெட்டு போட்டு, ஜவுளிக்கடைக்காரர் கிழிப்பதுபோலப் பர்ரென்று கிழித்துவிடுங்கள். கிழிசல் ஒரே நூல் வழியாகப் போகும், துணியின் நேர் தெரிந்துவிடும். கிழிந்த ஓரம் நெளிநெளியாக இருக்கும், அதை இஸ்திரி போட்டு, அங்கிருந்து அளந்து வெட்ட வேண்டும்.

சுருளுக்கு வேண்டாம் என்றேனே, அந்தத் துவையல் இங்கே வேண்டும். முழுத் துணியாக இருக்கும்போதே துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன் பிறகு வெட்டுங்கள். சாயம் போகிற துணியா என்று பார்க்க, ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிக்கிடையே வைத்து அழுத்தினால் போதும். வெள்ளையில் கறை ஒட்டினால் அந்தத் துணிக்கு இந்தப் போர்வையில் இடம் கிடையாது. கருஞ்சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றும்.

ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி ரோட்டில் போடும் சண்டே மார்க்கெட்டில் பருத்திச் சட்டை மலிவாகக் கிடைத்தால் முதுகுப் பக்கத்தை வெட்டிப் பட்டியாக்கலாம். ஆனால் கையால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீள்வதெல்லாம் பின்னல் துணி. பனியன் வேஸ்ட்டும் அந்த வகைதான். கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும், மெஷினில் ஏறினால் அழவைக்கும். டெய்லர் கடை வெட்டுத்துண்டுகளில் லைனிங் துணி நல்லது, ஜாக்கெட் துண்டுகளில் பட்டும் பாலியஸ்டரும் கலந்து வரும். பருத்தியோடு பாலியஸ்டரைச் சேர்த்தால் இஸ்திரிப் பெட்டியின் சூடு ஒன்றுக்குப் போதாது, இன்னொன்றைக் கருக்கும்.

மூன்று அடுக்கும் ஓரமும்

மேல்துணி தயாரான பிறகு நடுவில் என்ன வைப்பது என்று கேட்டால், நம் ஊர்க் காற்றுக்குக் கனமான பஞ்சு ஷீட் வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் ஷீட் மெத்தைக் கடையில் கிடைக்கும், பார்க்கப் புசுபுசுவென்று அழகாக இருக்கும், சித்திரையில் அதைப் போர்த்திக்கொள்ள ஆள் கிடைக்காது. நான் நடுவில் வைத்தது நைந்துபோன பருத்திப் படுக்கை விரிப்பு. சன்னமாக, பாரமில்லாமல் இருக்கிறது, துவைத்தால் சீக்கிரம் காய்கிறது. அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு இன்ச் பெரிதாக இருக்கட்டும். 40 இன்ச் வேண்டும் என்பதால் 44 பன்னாவில் ஒன்றேகால் மீட்டர் எடுத்தால் ஒட்டுப்போடாமல் முடியும்.

மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி சேஃப்டி பின் குத்துங்கள். அதன் பிறகு கட்டங்கள் சேரும் கோட்டின் மேலேயே, அந்தப் பள்ளத்தில், மூன்று துணியையும் பிடித்து நீளத் தையல் போட்டால் போதும். இங்கே தையல் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: பின் குத்தியதை அப்படியே வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுக்காதீர்கள். கடற்கரை ஊர், அதிலும் ஐப்பசி மழையில் பின் துருப்பிடித்து, துணியில் ஆரஞ்சுப் பொட்டு வைத்துவிடும். எலுமிச்சை தேய்த்தும் எனக்கு ஒன்று போகவே இல்லை.

ஓரம் கட்டவும் அதே இரண்டரை இன்ச் பட்டிதான். நாலு பட்டியை நீளவாக்கில் ஒட்டி, நெடுக இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மேல்பக்கம் வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் போட்டுவிடலாம். நாலு பக்கமும் சேர்த்து 144 இன்ச், நாலு பட்டியில் 160-க்குக் குறையாமல் வரும். மூலை மடிப்புக்கும் சேர்த்தே போதும்.

நாற்பது பட்டியையும் முனையோடு முனை சேர்த்து ஒரே நாடாவாக்கி, அதைப் பாதியாக மடித்து மடித்துத் தைக்கும் பந்தயமுறை ஒன்று உண்டு. நாடா ஏறக்குறைய 1600 இன்ச். ஐந்து முறை மடித்துத் தைத்தால் முப்பத்திரண்டு வரிசையாகி, சுமார் 50-க்கு 64 இன்ச் மேல்துணி ஒரே நாளில் வந்துவிடும். கட்டம் இல்லை, மூலை இல்லை, யோசனையும் இல்லை. ஆனால் முதல் தையலே 800 இன்ச், அறுபத்தாறு அடிக்கு மேல். நடுவில் நாடா முறுக்கிக்கொண்டால் வீடு முழுக்கத் தேட வேண்டும், பாபின் எந்த இடத்தில் தீர்ந்தது என்றுகூடத் தெரியாது. இரண்டாவது போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் 31½ இன்ச் போர்வை எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்குப் போனது. குழந்தைக்கு அளவெல்லாம் தெரியாது. நாத்தனார் மட்டும் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "முப்பத்தாறு வரணுமே அண்ணி?" என்று கேட்டாள். மூன்று நூல் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, மிச்சப் பட்டி எத்தனை என்றாள். கட்டத்துக்குப் பதினெட்டு, ஓரத்துக்கு நாலு போக, சுருளில் இன்னும் பதினெட்டு இருக்கிறது. இன்னொரு முப்பத்தாறு கட்டத்துக்கு அச்சாகச் சரி. ஓரத்துக்கு மட்டும் மாமாவின் பழைய கைலி ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன்.